சின்னத் தொட்டிக்கு முதல் மீன்: எதை விடலாம், எதை விடக்கூடாது?

#1 புதுத்தொட்டி

வணக்கம். தொட்டி வாங்கியாச்சு, மீன் இன்னும் விடவில்லை. 45 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம். கணக்குப்படி 40 லிட்டர் சொச்சம். ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், மூடி எல்லாம் இருக்கிறது. அடியில் மெல்லிய மணல், இரண்டு மூன்று செடி.

வீட்டில் ஆளுக்கொரு மீன் கேட்டதில் பட்டியல் இப்படி வந்து நிற்கிறது: 2 கோல்ட்ஃபிஷ், 1 ஆண் ஃபைட்டர், 6 நியான் டெட்ரா, ஒரு ஜோடி கப்பி, கண்ணாடியைச் சுத்தம் செய்ய 1 சக்கர். எல்லாமே இப்போது விரல் நீளம்கூட இல்லாத குட்டிகள்தான், இடம் போதும் என்று நினைக்கிறேன். எதையாவது குறைக்கணுமா?

#2 செதில்

எதைக் குறைக்கலாம் என்பதைவிட எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள். பதில் சீக்கிரம் முடிந்துவிடும்: ஏதாவது ஒன்றை.

கோல்ட்ஃபிஷ் முதலில் போகட்டும். உருண்டை உடம்பு வகைகளே 15 செ.மீ. தாண்டும். நீள உடம்புள்ள சாதாரண வகை 25, 30 செ.மீ. வரை போகும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 வருஷத்துக்கு மேல் வாழும். தின்பதும் அதிகம், கழிவும் அதிகம். அதற்குப் பிடித்தது 20 டிகிரியை ஒட்டிய தண்ணீர். ஃபைட்டரோ 25க்கு மேல் கேட்கும். வளர்ந்த பிறகு வாயில் நுழைகிற நியானை விழுங்கவும் செய்யும்.

சக்கர் இன்னும் மோசம். கடையில் சுண்டுவிரல் அளவுக்கு இருப்பது 30 செ.மீ.க்கு மேல் வளரும். உங்கள் தொட்டியின் அகலமே 30தான், அது உடம்பைத் திருப்பக்கூட இடமிருக்காது. "சுத்தம் செய்யும் மீன்" என்று யார் பேர் வைத்தார்களோ, அது போடும் கழிவை அள்ளத்தான் தனியாக ஆள் வேண்டும்.

ஃபைட்டரும் கப்பியும் ஒரே தொட்டியில் வேண்டாம். ஆண் கப்பியின் அகன்ற வண்ண வாலைக் கண்டால் ஃபைட்டர் அதை இன்னொரு ஆண் ஃபைட்டராக எண்ணிப் பாயும். சில சமயம் கப்பி கூட்டமாகச் சேர்ந்து ஃபைட்டரின் வாலைக் கடித்துக் கிழிப்பதும் உண்டு.

மிச்சம் நியான். அதைப் பற்றிச் சொல்ல உங்கள் தண்ணீர் தெரியவேண்டும். கடினத்தன்மை (கரைந்திருக்கும் தாதுச்சத்து), பி.எச். (அமில, காரத் தன்மை), வெப்பநிலை மூன்றையும் அளந்து இங்கே போடுங்கள்.

#3 வாலாட்டி

எதுக்கு இவ்ளோ குழப்பம்? கப்பி விடுங்க தல. ஆண் ரெண்டு, பெண் நாலு. எந்தத் தண்ணியிலயும் நிக்கும், எதைப் போட்டாலும் திங்கும், குட்டி போடுறதைப் பாக்குறதே ஒரு சந்தோஷம். ஆரம்பிக்கிறவங்களுக்கு இதைவிட்டா வேற மீன் கிடையாது.

#4 நீர்க்கணக்கு

"எந்தத் தண்ணியிலயும்" என்பது பாதி உண்மை. கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் என்று குட்டி போடும் வகைகள் எல்லாம் கடின நீரில்தான் செழிக்கும். மென்னீரில் விட்டால் நாளடைவில் மெலிந்து, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, நகராமல் ஒரே இடத்தில் உடம்பை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்து நோய் என்று மருந்து ஊற்றுகிறவர்கள் உண்டு. பல சமயம் தண்ணீரில் தாதுச்சத்து போதாததுதான் காரணம்.

அடுத்து குட்டி விவகாரம். ஒரு பெண் கப்பி ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒருமுறை ஈனும். ஒரு ஈற்றுக்கு 20, 30 குட்டி சாதாரணம். அந்தக் குட்டிகளில் பெண்கள் 3 மாதத்தில் தாமே ஈனத் தயாராகிவிடும். பெரிய மீன்கள் பாதிக்கு மேல் தின்று தீர்த்தாலும் நாலு பெண் இருக்கும் 40 லிட்டர் தொட்டி அரையாண்டுகூடத் தாங்காது. ஆணை எடுத்துவிட்டால் நின்றுவிடும் என்றும் நினைக்கவேண்டாம். பெண் கப்பி விந்தணுவை மாதக்கணக்கில் உடம்பில் சேமித்து வைத்துக்கொண்டு அடுத்தடுத்து ஈனும். கடையிலிருந்து வரும் பெண் பெரும்பாலும் ஏற்கெனவே சினையாகத்தான் வரும்.

#5 வாலாட்டி

மிச்சத்தை யாருக்காவது குடுத்துடலாமே சார்.

#6 செதில்

முதல் இரண்டு தடவை வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் போனை எடுக்கமாட்டார்கள் தம்பி. குளத்திலோ வாய்க்காலிலோ கொண்டுபோய் விடுவது மட்டும் கூடவே கூடாது. கப்பியும் சக்கரும் அப்படி வெளியே போய்த்தான் உலகத்தில் பல நாட்டு நீர்நிலைகளில் பெருகி, அந்தந்த ஊர் மீன்களுக்குத் தொல்லையாக நிற்கின்றன.

ஆண் கப்பி மட்டும் வைத்தால் இந்தத் தலைவலியே இல்லை. வண்ணமும் ஆணுக்குத்தான் அதிகம்.

#7 புதுத்தொட்டி

அளந்தேன். பி.எச். 7.8. கடினத்தன்மை ஜெர்மன் டிகிரியில் 14. வெப்பநிலை ஹீட்டர் போடாமலே 27.

ஒரு சந்தேகம். மீன் ஒரு அங்குல நீளத்துக்கு 4 லிட்டர் தண்ணீர் என்று ஒரு கணக்கு படித்தேன். அப்படிப் பார்த்தால் 10 அங்குலத்துக்கு மீன் விடலாமே? கோல்ட்ஃபிஷ் ஒன்றாவது...

#8 நீர்க்கணக்கு

கோல்ட்ஃபிஷை விடமாட்டீர்கள் போலிருக்கிறது.

அந்தக் கணக்கில் நீளத்தைக் கூட்டுகிறார்கள். மீன் நீளத்தில் இரண்டு மடங்கானால் எடையில் எட்டு மடங்காகும். 2 செ.மீ. மீன் பத்தை வரிசையாக வைத்தால் 20 செ.மீ. வரும், சரி. ஆனால் அதே உடல்வாகில் ஒற்றை 20 செ.மீ. மீன், அந்தப் பத்தும் சேர்ந்ததைப்போல 100 மடங்கு எடை இருக்கும். தின்பதும் மூச்சு விடுவதும் கழிவதும் உடம்பின் பருமனோடு ஏறுமே தவிர நீளத்தோடு அல்ல. 4 செ.மீ.க்குள் நிற்கும் ஒல்லியான மீன்களுக்கு வேண்டுமானால் அந்தக் கணக்கை ஒரு உச்ச வரம்பாகப் பார்க்கலாம். அதற்குமேல் போனால் ஏமாற்றிவிடும்.

இன்னொன்று, 40 லிட்டர் என்பது காலித் தொட்டியின் அளவு. மணல் 4 செ.மீ., மேலே விட்ட இடைவெளி 3 செ.மீ. என்றால் தண்ணீர் நிற்கும் உயரம் 23 செ.மீ. 45 × 30 × 23 போட்டால் 31 லிட்டர். கல், ஃபில்டர் போனால் 30க்குள் வந்துவிடும். மீனுக்குக் கிடைப்பது அந்த 30தான்.

லிட்டரைவிட நீளம் முக்கியம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜீப்ரா டேனியோ 5 செ.மீ.க்கு மேல் அதிகம் வளராது, சாதுவானது, லேசில் சாகாது. ஆனாலும் 45 செ.மீ. தொட்டிக்கு நான் சொல்லமாட்டேன். நாள் முழுக்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விரட்டிக்கொண்டு ஓடும் மீன் அது. 60 செ.மீ. நீளமாவது வேண்டும். உயரமான, குறுகலான தொட்டி வாங்கியவர்களுக்கும் இதே பாடுதான்: லிட்டர் இருக்கும், நீந்த வழி இருக்காது. தண்ணீரின் மேற்பரப்பு சின்னதாக இருப்பதால் ஆக்சிஜனும் குறைவாகவே இறங்கும்.

#9 பாசிமணி

நியானை ஏன் எல்லாரும் ஒதுக்குறீங்க? இப்ப விக்கிறதெல்லாம் கிட்டத்தட்ட பண்ணையில பொறந்ததுதான். காட்டுல இருக்குற மாதிரி மென்னீர் வேணும்னு இல்ல. என் தொட்டியில கடின நீர்லதான் நிக்குது, நல்லாத்தான் இருக்கு.

#10 செதில்

நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை பாசிமணி. பண்ணை நியான் கடின நீரைப் பொறுத்துக்கொள்ளும். அமேசான் படுகையின் அமிலச் சாயலுள்ள மென்னீரில் தோன்றிய மீன் என்பதும் மாறாது. பொறுத்துக்கொள்வது வேறு, செழிப்பது வேறு.

இவருக்கு வேண்டாம் என்று நான் சொல்வதற்குத் தண்ணீரின் கடினம் இரண்டாம் காரணம். முதல் காரணம் தொட்டி புதுசு. நாட்பட்ட, நிலைத்த தொட்டியில் நியான் கல்லுப்போல நிற்கும். புதுத் தொட்டியில் அம்மோனியா கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முதலில் ஒதுங்குவது அதுதான். 22லிருந்து 26 டிகிரிதான் அதற்கு நிம்மதி. இவர் தொட்டி ஹீட்டர் இல்லாமலே 27 காட்டுகிறது. தொட்டி தொடங்கி ஆறேழு மாதம் ஆகட்டும், அப்புறம் யோசிக்கலாம்.

இதைப் படிக்கும் மென்னீர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இதே அளவுத் தொட்டிக்கு எம்பர் டெட்ரா அருமையான மீன். 2 செ.மீ.தான் வளரும், எட்டுப் பத்து சேர்ந்து நீந்தினால் செடிக்கு நடுவே செம்பு நிறத்தில் மின்னும். அடித்தளத்துக்கு பிக்மி கோரி என்ற குட்டி மீசை மீன் 6. கோரி வகைகளுக்குக் கூரான கல் ஆகாது. மீசை தேய்ந்து புண்ணாகும். மணல்தான் சரி. இரண்டுமே கூட்டமாக வாழ்பவை. "அழகுக்கு ரெண்டு" என்று வாங்கினால் மூலையில் ஒளிந்துகொண்டு வெளியே வராது.

#11 கண்ணாடிக்கூடு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 8 லிட்டர் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. ஃபில்டர் இல்லை. அதில் ஃபைட்டர் விடலாமா? அல்லது குட்டிப் பஃபர் மீன்? வளர்ந்தாலே 3 செ.மீ.க்குள்தான் என்கிறார்கள்.

#12 வாலாட்டி

ஃபைட்டர் தாராளமா விடலாம். அது நெல்வயல்ல தேங்குன தண்ணியில வாழ்ற மீனு. காத்தை நேரா மூச்சுல இழுக்கும். ஃபில்டரே வேணாம்.

#13 பாசிமணி

இதுல மட்டும் நான் சண்டைக்கு வருவேன்.

நெல்வயல் தண்ணி ஆழம் கம்மி, சரி. பரப்பு எவ்ளோன்னு யோசிச்சீங்களா? வயல் முழுக்க விரிஞ்சு கெடக்குற தண்ணியில ஒரு ஆண் தனக்குன்னு ஒரு இடத்தைப் புடிச்சு வச்சிக்கும். பயிரும் மண்ணும் அங்க கழிவை இழுத்துக்கும். கிண்ணத்துல யாரு இழுப்பா? ஃபைட்டருக்குத் தலையில காத்தை இழுக்குற உறுப்பு இருக்கு, அதனால ஆக்சிஜன் கம்மியானா சமாளிக்கும். அம்மோனியா செவுளை எரிக்கிறதை அந்த உறுப்பு தடுக்காது. கிண்ணத்துல ஹீட்டர் மாட்டவும் வழியில்ல, ராத்திரி பகல்னு சூடு ஏறி எறங்கும். ஃபைட்டர் "சோம்பேறி மீனு"ங்கிற பேரு கிண்ணத்துலதான் வந்துச்சு. 20 லிட்டர், ஃபில்டர், 26 டிகிரி குடுத்துப் பாருங்க, கண்ணாடிகிட்ட வந்து நம்மளையே மொறைக்கும்.

#14 செதில்

கண்ணாடிக்கூடு, அந்தக் கிண்ணத்துக்கு மீனே வேண்டாம். செடி மட்டும் வளர்த்தால் அழகாக இருக்கும். தண்ணீர் பழகியபின் ஒன்றிரண்டு நத்தை விடலாம்.

குட்டிப் பஃபரைப் பற்றி: கேரளப் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் மீன். சின்னதாக இருப்பதால் தொடக்கக்காரர் மீன் ஆகிவிடாது. காய்ந்த தீனியைப் பெரும்பாலும் தொடாது. நத்தை, புழு என்று உயிருள்ளதோ உறைந்ததோ தேடிப் போடவேண்டும். மற்ற மீன்களின் வாலைக் கடிக்கும், தங்களுக்குள்ளும் கடித்துக்கொள்ளும். இயற்கையிலிருந்து அளவில்லாமல் பிடித்ததில் அழிவு அபாயப் பட்டியலிலும் ஏறிவிட்ட மீன் அது. அனுபவம் வந்தபிறகு பார்க்கலாம்.

#15 புதுத்தொட்டி

என் தண்ணீர் அளவைப் பார்த்தீர்களே, யாரும் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு நாளாக ஃபில்டர் ஓடுகிறது, தண்ணீர் பளிங்குபோல இருக்கிறது. இந்த வாரமே விட்டுவிடலாமா?

#16 நீர்க்கணக்கு

தண்ணீர் பளிங்குபோல இருப்பதற்கும் மீன் பிழைப்பதற்கும் சம்பந்தமே இல்லை. அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது.

மீனின் செவுளிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் நஞ்சுதான், ரத்தம் ஆக்சிஜனைத் தூக்கிப் போவதைக் கெடுக்கும். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இது அவ்வளவு கொடியதில்லை, வாராந்திரத் தண்ணீர் மாற்றத்தில் போய்விடும். இந்த இரண்டு கூட்டமும் ஃபில்டர் பஞ்சில் குடியேற 4லிருந்து 6 வாரம் ஆகும். புதுத் தொட்டியில் முதல் மாதம் மீன்கள் வரிசையாகச் சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கடையைத் திட்டிவிட்டு இன்னும் நாலு மீன் வாங்கி வந்து விடுவார்கள், அதுவும் போகும்.

உங்கள் பி.எச். 7.8 என்பதால் இன்னும் கவனம் வேண்டும். பி.எச். 7லிருந்து 8க்கு ஏறினால் அம்மோனியாவில் நஞ்சான பங்கு 10 மடங்குக்கு நெருக்கமாகக் கூடும். வெப்பமும் அதைக் கூட்டும்.

மீனே இல்லாமல் சைக்கிள் ஆகவிடுங்கள், அதாவது இந்த பாக்டீரியா குடியேற்றம் முடியட்டும். தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுகவிடலாம், அல்லது வாசனை சேராத சுத்தமான அம்மோனியாக் கரைசலைச் சொட்டு சொட்டாக விட்டு லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நிறுத்தலாம். அந்த அளவு 24 மணி நேரத்தில் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம் என்று இறங்குகிற நாளில் தொட்டி தயார். யாராவது பழைய தொட்டிக்காரர் பஞ்சில் ஒரு துண்டு தந்தால் நாள் பாதிக்கு மேல் குறையும், நோயில்லாத தொட்டியா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் முதலில் அதை முறிக்கணும். வெறும் குளோரின் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் பறந்துவிடும். குளோராமைன் பறக்காது, அதற்கு முறிப்பான் மருந்து கட்டாயம். பஞ்சைக் கழுவும்போதும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் பிழியவேண்டும். குழாயடியில் பிழிந்தால் குடியேறியதெல்லாம் சாகும்.

#17 செதில்

தீர்ப்பு கேட்டீர்கள். உங்கள் தண்ணீர் கப்பிக்காகவே அமைந்த தண்ணீர். வாலாட்டி தம்பி சொன்ன மீன் சரி, ஜோடிக் கணக்குதான் தப்பு.

என் கணக்கு: ஆண் கப்பி 6. எண்ட்லர் என்று அதைவிடச் சின்ன உறவுக்கார மீன் உண்டு. அது கிடைத்தால் ஆண் 8. கண்ணாடியில் பாசி படிந்தபிறகு நெரைட் நத்தை 2. சக்கரிடம் நீங்கள் எதிர்பார்த்த வேலையை அது செய்யும். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டும், நன்னீரில் அதிலிருந்து குஞ்சு வளராது என்பதால் பெருகிவிடுமோ என்ற பயமில்லை.

இல்லை, ஃபைட்டர்தான் மனசுக்குப் பிடித்திருக்கிறது என்றால் ஃபைட்டர் ஒன்று, நத்தை இரண்டு. ஃபைட்டர் 14 டிகிரி கடினத்தையும் தாங்கும். ஃபில்டரின் நீரோட்டம் வேகமாக இருந்தால் அதன் வால் தாங்காது. உங்களுடையது ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்பதால் கவலையில்லை. இரண்டில் ஒன்று, இரண்டும் அல்ல.

மோலி கேட்பார்கள், கொடுக்காதீர்கள்; 8, 10 செ.மீ. போகும். டைகர் பார்ப் அடுத்தவர் வாலைக் கடிக்கும். ஏஞ்சல் மீனுக்கு உயரமும் இடமும் வேண்டும்.

#18 பாசிமணி

கடையில மீனைப் பாக்குற விதத்தையும் சொல்லிடுறேன். தொட்டியில ஒரு செத்த மீன் மெதந்தாலும் அந்தத் தொட்டியில எதையும் வாங்காதீங்க. ஒரே ஃபில்டர் பல தொட்டிக்கு ஓடுற எடமா இருந்தா பக்கத்துத் தொட்டியும் வேணாம். துடுப்பை ஒட்டிக்கிட்டு நிக்குறது, வயிறு ஒட்டினது, மேல வந்து வாயைத் தொறந்து தவிக்கிறது, உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி உள்ளது எல்லாம் வேணாம். முடிஞ்சா கொஞ்சம் தீனி போடச் சொல்லிப் பாருங்க. ஓடி வந்து தின்னா பாதிக் கவலை தீந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் பையை மெதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமா தொட்டித் தண்ணியை உள்ள சேத்து, மீனை மட்டும் வலையில எடுத்து விடுங்க. பைத் தண்ணி தொட்டிக்குள்ள போக வேணாம்.

#19 புதுத்தொட்டி

வீட்டில் வாக்கெடுப்பு நடந்தது. ஆண் கப்பி ஜெயித்துவிட்டது. கோல்ட்ஃபிஷ் கேட்டவர் மட்டும் என்னோடு பேசவில்லை. அம்மோனியா முறையில் சைக்கிள் தொடங்கியிருக்கிறேன்.

இரண்டு கேள்வி. கடையில் ஆண், பெண்ணை நானே எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஆண்கள் மட்டும் இருந்தால் அடித்துக்கொள்ளாதா?

#20 வாலாட்டி

வயித்துக்குக் கீழ, பின்பக்கத் துடுப்பைப் பாருங்க. பெண்ணுக்கு விசிறி மாதிரி விரிஞ்சிருக்கும். ஆணுக்கு ஊசி மாதிரி ஒல்லியா பின்னால பாத்து நீட்டிக்கிட்டு இருக்கும். வாலு நிறத்தை நம்பாதீங்க, இப்ப பெண்ணுக்கும் வால்ல நிறம் வர்ற வகை இருக்கு. ரொம்பக் குட்டியா இருக்குறதை எடுக்காதீங்க, அதுல துடுப்பு இன்னும் பிரிஞ்சிருக்காது.

ஆணுங்க கொஞ்சம் வெரட்டிக்கும். ரெண்டு மூணு மட்டும் விட்டா ஒண்ணு மட்டும் அடி வாங்கும். ஆறுன்னா வெரட்டல் பங்கு பிரிஞ்சுபோகும். செடியை ஒரு பக்கமா அடர்த்தியா வச்சா போதும்.

#21 செதில்

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பெண் ஒன்றைக்கூட "பாவம், துணைக்கு" என்று விடாதீர்கள். ஒரே பெண்ணை ஆறு ஆண் துரத்தினால் அதற்கு ஓய்வே இருக்காது.

சைக்கிள் முடிந்த அன்று பெரிய தண்ணீர் மாற்றம் ஒன்று செய்து நைட்ரேட்டை இறக்கிவிட்டு மூன்றை விடுங்கள், பத்து நாள் கழித்து மிச்சம் மூன்று. நடுவில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாருங்கள். தீனி ஒரு நாளைக்கு ஒருமுறை, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றம். நைட்ரைட் துளி தென்பட்டாலும் தீனியை நிறுத்திவிட்டு அன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு இங்கே எழுதுங்கள்.